லத்தீனோ கலை அமைப்புகளின் தேவையும் வெளித்தெரிவும்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

தறிநாடா

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் கலை நிர்வாகம் முதுகலை படிக்கிறேன். துறையில் நடக்கும் ஓர் ஆய்வில் உதவியாளராகச் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) கலை அமைப்புகளுக்கு என்ன தேவை, அவை ஏன் பொதுப் பார்வையில் படுவதே இல்லை என்பதுதான் தலைப்பு. (ஆய்வுத் தாள்களில் லத்தீனெக்ஸ் என்று எழுதுகிறார்கள். நான் இங்கே லத்தீனோ என்றே எழுதுகிறேன்.)

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தச் சமூகத்தினர் 6.21 கோடி பேர், நாட்டில் 18.7 சதவீதம். 2015இல் மெலன் அறக்கட்டளை கலை அருங்காட்சியகங்களின் ஊழியர்களை எண்ணிப் பார்த்தது. காப்பாளர் (க்யூரேட்டர்), கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநர், கல்விப் பிரிவு, தலைமைப் பொறுப்பு ஆகியவற்றில் 84 சதவீதம் பேர் வெள்ளையர்கள், ஹிஸ்பானிக் (லத்தீனோவுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு பெயர்) பின்னணியினர் 3 சதவீதம். ஆய்வு ஏன் வேண்டும் என்பதற்கு இந்த எண்களே போதும். எப்படிச் செய்வது என்பதில்தான் முட்டுகிறது.

என் பொறுப்பு முதல் கட்டம்: பட்டியல் தயாரிப்பது, பிறகு கேள்வித்தாள் எழுதுவது. வெளித்தெரிவை எப்படி அளப்பது என்றும் யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். செய்தித்தாளில் எத்தனை முறை பெயர் வந்தது, சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று எண்ணலாம் என்பது இப்போதைய யோசனை. எனக்கு அது உறுத்துகிறது, ஆனால் மாற்று என்னவென்று பிடிபடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நடுநிசி

பட்டியல்தானே? உங்கள் மாநிலத்திலேயே, சான் அன்டோனியோவில், நாலாக் இருக்கிறதே. லத்தீனோ கலை, பண்பாட்டு அமைப்புகளின் தேசியச் சங்கம், 1989 முதல். அவர்களிடம் பட்டியலை வாங்கி எல்லோருக்கும் மின்னஞ்சல் தட்டிவிட்டால் முடிந்தது வேலை.

கணக்குப்பிள்ளை

அவ்வளவு சுலபத்தில் முடியாது நடுநிசி. இலாப நோக்கற்ற சிறு அமைப்புகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நாலாக்கிடம் கட்டாயம் பேச வேண்டும். நல்கையும் கொடுக்கிறார்கள், பயிற்சியும் நடத்துகிறார்கள். எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்களை எட்டிப்பிடித்தவர்கள்தான் அவர்கள் பட்டியலில் இருப்பார்கள். தறிநாடா தேட வேண்டியது எட்டிப்பிடிக்காதவர்களையும்.

ஆய்வாளர்கள் அடுத்துப் போவது வருமான வரித்துறையின் 990 படிவத்துக்கு. வரிவிலக்கு பெற்ற அமைப்பு ஆண்டுதோறும் தாக்கல் செய்வது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அருமையான தரவு மாதிரி தெரியும். உள்ளே போனால்தான் ஓட்டைகள் புரியும்.

ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் உள்ள அமைப்பு முழுப் படிவம் நிரப்ப வேண்டியதில்லை. 990-என் என்ற மின்னஞ்சலட்டை போதும். அதில் பெயர், முகவரி, ஒரு பொறுப்பாளர், வரவு வரம்புக்குள் இருக்கிறது என்ற உறுதிமொழி, இவ்வளவுதான் இருக்கும். உண்மையான வரவு எவ்வளவு, ஊழியர் உண்டா, வாடகை எவ்வளவு, எதுவும் தெரியாது. வரவு 2 லட்சத்துக்கும் சொத்து 5 லட்சத்துக்கும் கீழே இருந்தால் ஒரு குறும்படிவம். அதற்கு மேல் போனால்தான் முழுப் படிவம். ஆக, ஒரு குழு எவ்வளவு சிறியதோ அவ்வளவு குறைவாகத்தான் அதைப் பற்றி அரசுக்கே தெரியும். தேவையை ஆராய வருபவருக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது.

அடுத்தது, அமைப்பு எந்தச் சமூகத்தைச் சேர்ந்தது என்று படிவத்தில் கேள்வியே இல்லை. துறைக் குறியீடுகள் உண்டு. ஏ23 என்பது இனப் பண்பாட்டு விழிப்புணர்வு. அதில் போலந்து நடனக் குழுவும் இருக்கும், ஐரிஷ் சங்கமும் இருக்கும், நம் தமிழ்ச் சங்கங்கள் சிலவும் இருக்கும். லத்தீனோ நாடகக் குழு ஏ65 என்ற நாடகக் குறியீட்டில் போய் உட்கார்ந்திருக்கும். சரி, பெயரை வைத்துத் தேடலாம் என்றால், கலிபோர்னியாவில் "சான்", "எல்" என்று போட்டால் ஊர்ப் பெயர்தான் கொட்டும். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் மிக முக்கியமான சிகானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்) அச்சுக்கூடத்தின் பெயரோ செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ். அந்தப் பெயரில் ஒரு ஸ்பானிஷ் சொல் கூட இல்லை.

மூன்றாவது ஓட்டைதான் பெரிது. சொந்தமாகப் பதிவு செய்யாமல், பதிவு பெற்ற வேறோர் அமைப்பை ஃபிஸ்கல் ஸ்பான்சராக வைத்துக்கொண்டு இயங்கும் குழுக்கள் ஏராளம். நல்கை அந்த அமைப்பின் கணக்குக்கு வரும், அது ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் குழுவுக்குத் தரும். வரித்துறைத் தரவில் இந்தக் குழு இல்லவே இல்லை. ரேஷன் கார்டு பட்டியலை வைத்துக்கொண்டு ஊரில் எத்தனை குடும்பம் என்று எண்ணுவது மாதிரிதான் இது.

இன்னொன்று. மூன்று ஆண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்கு தானாகப் போய்விடும். 2006இல் வந்த சட்டம். 2011இல் முதல் முறையாக அறிவித்தபோது சுமார் 2,75,000 அமைப்புகள் ஒரே வீச்சில் விலக்கை இழந்தன. பெரும்பாலானவை எப்போதோ மூடிப்போனவை என்றது வரித்துறை. ஆனால் தன்னார்வலர்களே நடத்தும் இடங்களில் செயலாளர் மாறியதும் கடிதம் பழைய வீட்டுக்குப் போவது எனக்குப் பழகிப்போன கதை. ரத்தான பட்டியலையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

தறிநாடா

கணக்குப்பிள்ளை சார், மிக்க நன்றி. ரத்தான பட்டியல் எங்கள் திட்டத்திலேயே இல்லை, சேர்க்கச் சொல்கிறேன். தங்களைக் "கலை அமைப்பு" என்றே சொல்லிக்கொள்ளாத இடங்களை என்ன செய்வது?

சுவரோவியம்

அப்படிச் சொல்லிக்கொள்ளாதவைதான் நிறைய. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு.

லூயிஸ் வால்டெஸ் 1965இல் எல் தியேட்ரோ கம்பெசினோவைத் தொடங்கியது கலிபோர்னியாவில், டெலானோ திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் நடுவில். லாரியின் பின்தட்டுதான் மேடை, நடித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அது நாடகக் குழுவா, தொழிற்சங்கத்தின் பிரச்சார அணியா? அன்றைக்கு யாருக்கும் அந்தக் கேள்வியே எழவில்லை. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில், எங்கள் பிள்ளைகள் பாடத்தில் எங்கள் பண்பாடு எங்கே என்று புவேர்டோ ரிக்கோ பெற்றோர்கள் கேட்டதிலிருந்துதான் 1969இல் எல் முசேயோ டெல் பாரியோ அருங்காட்சியகம் பிறந்தது. தொடங்கியவர் ஓவியரும் ஆசிரியருமான ரஃபேல் மொன்டான்யெஸ் ஓர்டிஸ். தொடங்கிய இடம் ஒரு பள்ளி வகுப்பறை. சான் டியேகோவின் சென்ட்ரோ குல்துரால் டெ லா ராசா என்ற பண்பாட்டு மையம் கைவிடப்பட்ட ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் குடியேறியது. செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ், கேரன் பொக்கலேரோ என்ற பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரியும் கார்லோஸ் புவேனோ, அன்டோனியோ இபான்யெஸ் என்ற இரு கலைஞர்களும் ஒரு கார் ஷெட்டில் ஆரம்பித்தது.

பெரிய அருங்காட்சியகங்களின் கதவு அப்போது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில் ஏன் எங்கள் ஓவியங்கள் இல்லை என்று சிகானோ கலைஞர் ஹாரி கம்போவா கேட்டபோது, சிகானோக்கள் உயர்கலை படைப்பதில்லை என்ற மாதிரியான பதில் காப்பாளரிடமிருந்து வந்ததாம். 1972இல் அவரும் அவருடைய அஸ்கோ கலைக் குழுவினரும் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் அருங்காட்சியகச் சுவரில் ஸ்ப்ரே பெயின்டால் தங்கள் பெயரை எழுதிவிட்டு வந்தார்கள். கட்டடம் முழுவதும் இப்போது எங்கள் படைப்பு என்று அர்த்தம். காலையில் வெள்ளை அடித்துவிட்டார்கள். 2011இல் அதே அருங்காட்சியகம் அஸ்கோவுக்கு முழுக் கண்காட்சி வைத்தது. எனக்கு இதில் பெருமையைவிட எரிச்சல்தான் அதிகம். நாற்பது ஆண்டு கழித்து.

அப்புறம் பணம். 1973இல் வந்த சீட்டா என்ற வேலைவாய்ப்புச் சட்டத்தின் நிதியில் பல கலைஞர்களுக்குச் சம்பளம் கிடைத்தது, சமூகக் கலை மையங்கள் பலவும் அதை நம்பி ஓடின. 1980களின் தொடக்கத்தில் ரீகன் ஆட்சியில் அது நின்றது. அதன் பிறகு பிழைத்த மையங்களைப் பார்த்தால், ஒருவரே இயக்குநர், கணக்கர், காவலாளி எல்லாமுமாக இருந்ததால் பிழைத்தவை அதிகம். உங்கள் கேள்வித்தாளை நிரப்ப வேண்டியவரும் அதே ஆள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்று கலை அமைப்பு என்று பலகை மாட்டாத இடத்துக்கு ஓர் உதாரணம்: கலிபோர்னியாவின் கெலகெட்ஸா விழாக்கள். மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்திலிருந்து வந்த சபோடெக், மிக்ஸ்டெக் பழங்குடி மக்கள் கொண்டாடுவது. ஒவ்வொரு ஊருக்கும் தனி நடனம், தனி ஊதுகுழல் இசைக்குழு. நடத்துவது ஊர்ச் சங்கங்களின் கூட்டமைப்புகள். ஊர்க் கோயில் செலவு, இறந்தவரின் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்புவது எல்லாம் பார்க்கும் அதே சங்கங்கள்தான் நடன ஒத்திகையையும் பார்க்கின்றன. உங்கள் கலை அமைப்புப் பட்டியலில் இவற்றைச் சேர்ப்பீர்களா? நான் சேர்ப்பேன்.

நடுநிசி

ஊர்ச் சங்கம், விழா, ஒத்திகை, செயலாளர் மாறினால் கடிதம் தொலைவது... அமெரிக்காவில் எந்தத் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தவருக்கும் இது தெரிந்த கதைதான். எங்களுக்கும் பள்ளிக்கூட அரங்கம்தான், வாடகை ஏறினால் பொங்கல் விழாத் தேதி தள்ளிப்போகும். ஒரு வித்தியாசம், எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் மென்பொருள் சம்பளக்காரர்கள். விழாவன்று கைதூக்கச் சொன்னால் பணம் வந்துவிடும். அவர்களுக்கு அது கிடையாது, அப்படித்தானே?

கணக்குப்பிள்ளை

அந்த வித்தியாசம் எண்ணிலேயே தெரியும். 2015இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டெவோஸ் நிறுவனம் கறுப்பின, லத்தீனோ கலை அமைப்புகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரிய பொதுக் கலை நிறுவனங்களுக்கு (எந்தச் சமூகத்துக்கும் தனியாக இல்லாதவை) வரும் நன்கொடையில் சுமார் 60 சதவீதம் தனிநபர்களிடமிருந்து. இந்த அமைப்புகளுக்கு அது இடைநிலையில் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) 5 சதவீதம். மீதியெல்லாம் அறக்கட்டளை, அரசு. அவர்கள் கையை இழுத்துக்கொண்டால் ஒரே ஆண்டில் தரைதட்டும்.

அதே அறிக்கையில் இன்னொன்று. அதில் ஆராய்ந்தவற்றில் ஆகப் பெரிய 20 கறுப்பின, லத்தீனோ நிறுவனங்களின் இடைநிலை வரவுசெலவு, அதே துறையின் பெரிய பொது நிறுவனங்களைவிட 90 சதவீதத்துக்கும் மேல் சிறியது. சமூகத்தின் ஆகப் பெரியவைக்கே இந்த நிலை.

சர்ச்சை கிளம்பியது எண்ணில் இல்லை, பரிந்துரையில். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதைவிட, திறமையாக நடக்கும் சிலவற்றுக்குப் பெரிய தொகை கொடுங்கள், மற்றவை போனால் போகட்டும் என்கிற தொனி அதில் இருந்தது. தொழில்முறையில் எனக்கு அந்த வாதம் புரிகிறது. 10,000 டாலர் நல்கைக்கு அறிக்கை எழுதவே கால்வாசி உழைப்பு போகும். ஆனால் "திறமையாக நடக்கும்" என்பதைத் தணிக்கை அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள், தணிக்கைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். அதற்குப் பணம் இல்லாதவர் திறமையற்றவர் ஆகிவிடுகிறார்.

மாடிப்படி

நான் ஓர் அறக்கட்டளையில் நல்கைப் பிரிவில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

2015க்குப் பிறகு நிலைமை நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 2020இல் ஃபோர்டு அறக்கட்டளை "அமெரிக்காவின் பண்பாட்டுச் செல்வங்கள்" என்று தேர்ந்தெடுத்த 20 அமைப்புகளில் எல் முசேயோ டெல் பாரியோ, சிகாகோவின் தேசிய மெக்சிகோ கலை அருங்காட்சியகம், நியூயார்க்கின் பாலே ஹிஸ்பானிகோ நடனக் குழு மூன்றும் இருந்தன. 2021 முதல் மெலனும் ஃபோர்டும் சேர்ந்து ஆண்டுக்கு 15 கலைஞர்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர் தந்தார்கள். 2023இல் கெட்டி, டெர்ரா அறக்கட்டளைகளும் கைகோத்து, பத்து நிறுவனங்களில் லத்தீனோ கலைக்கென்று நிரந்தரக் காப்பாளர் பதவி உருவாக்கத் தலா 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1994இல், தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் லத்தீனோக்களை நடத்தியதைப் பற்றி அதன் சொந்தக் குழுவே "வேண்டுமென்றே செய்த புறக்கணிப்பு" என்று தலைப்பிட்டு அறிக்கை எழுதியது. அங்கேயே 2020 டிசம்பரில் லத்தீனோ தேசிய அருங்காட்சியகத்துக்குச் சட்டமே வந்தது. 2022இல் அங்கே மொலினா லத்தீனோ காட்சியகம் திறந்தாயிற்று.

இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் "கண்ணுக்கே தெரியவில்லை" என்று அறிக்கை எழுதினால், படிக்கும் அறக்கட்டளைக்காரர் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்.

சுவரோவியம்

மாடிப்படி, நீங்கள் சொன்ன எல்லாம் நடந்தது, மறுக்கவில்லை. யாருடைய வெளித்தெரிவு என்று மட்டும் பிரித்துப் பாருங்கள்.

அந்தப் பத்துப் பதவிகளில் பெரும்பகுதி ஏற்கெனவே வசதியான அருங்காட்சியகங்களில். அங்கே லத்தீனோ கலை தெரியவரும், சரி. லத்தீனோ அமைப்பு தெரியவருமா? அரை நூற்றாண்டாகச் சுவரொட்டியையும் அச்சுப்படத்தையும் பெட்டியில் கட்டிக் காப்பாற்றியது சமூக மையம். புதுக் காப்பாளர் வந்து கடன் வாங்கிக் கண்காட்சி வைப்பார். சுவர்க் குறிப்பில் ஒரு வரி நன்றி இருக்கும். அந்த மையத்துக்கு, சேகரிப்பைக் கவனிக்கும் ஒரு பதிவாளரின் சம்பளம் கொடுக்க யாராவது வந்தார்களா?

இன்னொரு குழப்பமும் உண்டு, தறிநாடா இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். லத்தீன் அமெரிக்கக் கலை வேறு, லத்தீனோ கலை வேறு. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் டியேகோ ரிவேராவுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது 1931இல். மெக்சிகோ, பிரேசில், அர்ஜென்டினா, வெனிசுவேலா கலைக்குச் சேகரிப்பாளர்கள் உண்டு, ஏலச் சந்தை உண்டு, ஆதரிக்கும் பணக்காரக் குடும்பங்கள் உண்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்த புவேர்டோ ரிக்கோ ஓவியருக்கும் சான் அன்டோனியோவில் பிறந்த சிகானா (சிகானோ பெண்) ஓவியருக்கும் அந்த ஆதரவு கிடையாது. அருங்காட்சியகத் தொகுப்பில் ஸ்பானிஷ் குடும்பப் பெயர்களை எண்ணி "வெளித்தெரிவு கூடிவிட்டது" என்றால் எண்ணிக்கை பொய் சொல்லும். எல் முசேயோ டெல் பாரியோவிலேயே இதுதான் சண்டை. 2019இல் கலைஞர்களும் அறிஞர்களும் சேர்ந்து, அருங்காட்சியகம் தன்னைப் பெற்ற சமூகத்தை விட்டு விலகுகிறது என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள்.

மாடிப்படி

அந்தப் பிரிவினையை ஏற்கிறேன். ஆனால் காப்பாளர் பதவியை அவ்வளவு இளக்காரமாகப் பார்க்காதீர்கள். விட்னி அருங்காட்சியகம் 2017இல் மார்செலா கெரேரோவை நியமித்தது. 2022இல், மரியா புயலுக்குப் பிந்தைய புவேர்டோ ரிக்கோ கலையைப் பற்றி அவர் பெரிய கண்காட்சி வைத்தார். அமெரிக்காவின் ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் புவேர்டோ ரிக்கோ கலைக்கென்று இந்த அளவில் கண்காட்சி நடந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. உள்ளே ஒருவர் உட்கார்ந்ததால்தான் நடந்தது. சமூக மையத்துக்கு நேரடியாக நீண்ட கால நிதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் நிர்வாகக் குழுவிடம் அதைக் கேட்டு வாங்க எனக்கு எண் வேண்டும். அதனால்தான் தறிநாடாவின் ஆய்வு மேல் இவ்வளவு அக்கறை.

பில்சன் வாசி

சிகாகோவிலிருந்து எழுதுகிறேன். மாடிப்படி சொன்ன தேசிய மெக்சிகோ கலை அருங்காட்சியகம் நான் வசிக்கும் பில்சன் பகுதியில்தான். கார்லோஸ் டொர்டொலேரோ என்ற பள்ளி ஆசிரியர் சக ஆசிரியர்களோடு 1982இல் தொடங்கியது, 1987இல் கதவு திறந்தது. அன்றிலிருந்து நுழைவு இலவசம். இலையுதிர் காலத்தில் இறந்தோர் தினக் கண்காட்சி போட்டால் பள்ளிப் பேருந்துகள் வரிசை கட்டும். தாத்தா பாட்டி, கைக்குழந்தை என்று குடும்பத்தோடு வருவார்கள். மெக்கென்சி ஸ்காட் என்ற கொடையாளர் 2021இல் 80 லட்சம் டாலர் கொடுத்தார்.

ஆனால் என் அலுவலகத்தில் கேட்டால் நகர மையத்தில் உள்ள, வாசலில் சிங்கச் சிலைகள் வைத்த ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்தைத்தான் சொல்வார்கள். ரயிலில் சில நிறுத்தம் தாண்டினால் பில்சன். ஆகவே "யாருக்குத் தெரியவில்லை" என்ற கேள்வியையும் தாளில் சேருங்கள். பில்சன்காரருக்கு அது தெரியாத இடமே இல்லை. பின்தொடர்வோர் எண்ணிக்கை இதையெல்லாம் சொல்லாது.

இதே நகரத்தில் 1971 முதல் செகுந்தோ ரூயிஸ் பெல்விஸ் பண்பாட்டு மையம் இருக்கிறது. புவேர்டோ ரிக்கோ சமூகத்துடையது, பொம்பா மேளமும் நடனமும் கற்றுத்தருகிறார்கள். அதைப் பற்றிச் செய்தித்தாளில் எத்தனை முறை வரும்? சனிக்கிழமை மேளச் சத்தம் மட்டும் தவறாது.

தறிநாடா

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் குழுவில் வைத்தேன். செய்தி எண்ணிக்கையை முதன்மை அளவுகோலாக வைக்க வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள். வெளித்தெரிவை மூன்று திசையில் கேட்கப்போகிறோம்: சுற்றுவட்டாரத்தில் யாருக்குத் தெரியும், நல்கை தருபவர்களில் யாருக்குத் தெரியும், மற்ற கலை நிறுவனங்களில் யார் இவர்களோடு வேலை செய்திருக்கிறார்கள். மூன்றாவதில் சுவரோவியம் சொன்ன கடன் வாங்கும் விஷயமும் வரும்: உங்களிடமிருந்து படைப்போ ஆவணமோ அறிவோ பெற்ற நிறுவனம் எது, பதிலுக்கு என்ன கிடைத்தது?

பட்டியலுக்கு நாலாக், 990 மூன்று வகையும், ரத்தான பட்டியல், ஃபிஸ்கல் ஸ்பான்சர்களிடம் கேட்டு வாங்குவது, பிறகு ஒவ்வோர் அமைப்பிடமும் "உங்களுக்குத் தெரிந்த இன்னும் மூன்று பேரைச் சொல்லுங்கள்" என்று கேட்பது.

தேவைகள் பகுதிதான் இன்னும் மொண்ணையாக இருக்கிறது. "உங்கள் முதன்மைத் தேவை என்ன: நிதி, ஊழியர், இடம், பயிற்சி" என்று தெரிவுகள் கொடுத்திருக்கிறோம். எல்லோரும் நிதி என்றுதான் குறிப்பார்கள், அது எங்களுக்கு ஒன்றும் சொல்லாது.

சுவரோவியம்

இடத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். கட்டடம் யாருடையது, குத்தகை எப்போது முடிகிறது, எழுத்தில் இருக்கிறதா. இவ்வளவு கேட்டாலே பாதி உண்மை வந்துவிடும். செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ் பல ஆண்டுகள் இருந்த கட்டடம் கத்தோலிக்க மறைமாவட்டத்துடையது. 2008இல் அதை விற்றுவிட்டார்கள். 2011இல் பாயில் ஹைட்ஸுக்கு மாறினார்கள், 2018இல்தான் சொந்தக் கட்டடம் வாங்க முடிந்தது. அதே 2018இல் சான் பிரான்சிஸ்கோ மிஷன் பகுதியில் கலேரியா டெ லா ராசா, வாடகை உயர்வால் 24ஆம் தெருவில் நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்த இடத்தை விட்டு வெளியேறியது. அக்கம்பக்கத்துக்குப் பெயர் வாங்கித் தந்ததே சுவரோவியமும் அந்தக் காட்சியகமும்தான். பெயர் வந்ததும் வாடகை ஏறியது. எதிர் உதாரணமும் உண்டு. பிலடெல்பியாவின் தாயேர் புவேர்தோரிக்கேன்யோ என்ற கலை மையம் 1974இல் தொடங்கியது, 2016இல் தனக்கென்று கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போனது. எப்படிச் சாத்தியமாயிற்று என்று அவர்களிடம் நேரில் கேட்டு எழுதினால் அந்த ஒரு அத்தியாயமே ஆய்வுக்குப் போதும்.

கணக்குப்பிள்ளை

நிதியையும் உடைத்துக் கேளுங்கள். "எவ்வளவு" என்பதைவிட "எப்போது" முக்கியம். நகராட்சி நல்கைகள் பல, முதலில் நீ செலவு செய், ரசீது காட்டு, பிறகு தருகிறேன் என்ற வகை. கையில் பணமில்லாத குழுவுக்கு நல்கை கிடைத்ததே கடனாகிவிடும். இயக்குநர் சொந்தக் கடனட்டையைத் தேய்த்து மேடை போட்டதைப் பார்த்திருக்கிறேன். கூட்டாட்சி அரசின் கலை நிதியம் என்றால் அவர்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் நீங்கள் ஒரு டாலர் திரட்டிக் காட்ட வேண்டும். தனிநபர் நன்கொடை 5 சதவீதம் உள்ளவர் எங்கே போவார்?

ஆக, இப்படிக் கேளுங்கள். கடந்த ஆண்டு எத்தனை மாதம் சம்பளம் தள்ளிப்போனது? யாராவது சொந்தப் பணம் போட்டார்களா, திரும்ப வந்ததா? தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்ட நல்கை எது, ஏன்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

மாடிப்படி

அதோடு 2025ஐயும் சேருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் கலை நிதியம் "சேலஞ்ச் அமெரிக்கா" திட்டத்தை நிறுத்தியது. வசதி குறைந்த சமூகங்களோடு வேலை செய்பவர்களுக்கு 10,000 டாலர் தரும் திட்டம், பல சிறு குழுக்களுக்கு முதல் கூட்டாட்சி நல்கை அதுதான். மே மாதம், ஏற்கெனவே ஒப்புதலான நல்கைகளையே ரத்து செய்து கடிதங்கள் போயின. உங்கள் பட்டியலில் யாருக்கு வந்தது, எந்த நிகழ்ச்சி நின்றது என்று கேளுங்கள்.

முக்கியமானது: பதில் சொல்பவர்களுக்குப் பணம் கொடுங்கள். உங்கள் ஆய்வுக்கு நிதி இருக்கிறது, அவர்கள் நேரத்துக்கு ஏன் இல்லை? எங்கள் அலுவலகத்திலிருந்தே ஒரே அமைப்புக்கு ஒரே ஆண்டில் பல கேள்வித்தாள் போகும், முடிவை ஒருவரும் திருப்பிச் சொல்வதில்லை. அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் "பதிலளிப்பு விகிதம் குறைவு" என்று அடிக்குறிப்பில் எழுதுகிறோம்.

நடுநிசி

ஸ்பானிஷிலும் உண்டா கேள்வித்தாள்?

தறிநாடா

உண்டு, ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டும். மிக்ஸ்டெக், சபோடெக் பேசுபவர்களிடம் தாளே வேண்டாம், தொலைபேசியில் பேசலாம் என்று நினைக்கிறோம். பதிலளிப்பவருக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி முதன்மை ஆய்வாளரிடம் கேட்டேன். பல்கலைக்கழக விதிப்படி பரிசு அட்டை மட்டும்தான் தர முடியும் என்கிறார்.

கணக்குப்பிள்ளை

தனிநபருக்கு என்றால் அப்படிச் சொல்வார்கள். அமைப்பை ஆலோசகராக ஒப்பந்தம் போட்டு விலைப்பட்டியல் வாங்கினால் கொடுக்கலாம், கொள்முதல் பிரிவில் விசாரியுங்கள். பதிவில்லாத குழுவானால் அவர்களின் ஃபிஸ்கல் ஸ்பான்சர் பெயரில் விலைப்பட்டியல் வரும். பிடித்தம் போக அவர்கள் கைக்கு என்ன வரும் என்று முன்பே கேட்டு, அந்த அளவுக்குத் தொகையைக் கூட்டி வையுங்கள். 990-என் பட்டியலை வரித்துறைத் தளத்திலிருந்து மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம், கோப்பு பெரிது, எக்செல் திணறும். முதலில் டெக்சாஸை மட்டும் பிரித்தெடுங்கள்.